ஹால்டேன் போட்ட கணக்கு

பரிணாமக் கொள்கை என்றதும் டார்வின் பெயரே எல்லோர் நாவிலும் வரும். முதுகலை வகுப்பில் அப்பாடத்தைப் பயிலப் புகுந்த எனக்கோ, ஏட்டைத் திறந்ததும் எதிர்ப்பட்டவர் ஹால்டேன். பக்கந்தோறும் சமன்பாடுகள்! விலங்கியல் படித்து வந்தவனுக்கு அச்சம் பிறவாதா? அதனைப் போக்கியது அவர் வாழ்க்கை வரலாறே.

ஜே. பி. எஸ். ஹால்டேன் 1892 நவம்பர் 5-ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தையார் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். மகன் இளமையிலேயே தந்தையின் சோதனைகளுக்குத் துணை நின்றார். ஆயினும், பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றவை கணிதமும், கிரேக்க இலத்தீன் இலக்கியங்களும், தத்துவமுமே. அறிவியலில் அவர் பட்டம் பெற்றவரல்லர்!

இயற்கைத் தேர்வு நிகழ்கிறது என்றார் டார்வின். எவ்வளவு விரைவில் நிகழும்? இதற்கு 1924 முதல் வரிசையாக எழுதிய கட்டுரைகளில் ஹால்டேன் விடை தேடினார். மான்செஸ்டர் நகரில் ஒருவகை அந்துப்பூச்சி உண்டு. அதன் நிறம் வெளிர்நிறம். கறுப்புப் பூச்சி அங்கு 1848-இல் அரிதினும் அரிது. ஆலைப்புகை படிந்து மரங்கள் கறுத்தன. அந்நூற்றாண்டு முடிவதற்குள் பூச்சிகளும் பெரும்பாலும் கறுத்துவிட்டன. ஆண்டுக்கு ஒரு தலைமுறையாக, ஏறத்தாழ ஐம்பதே தலைமுறைகள்! அப்படியாயின், கறுப்புப் பூச்சி வெளிர்பூச்சியைப்போல் ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டிருக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். தேர்வு இத்துணை வலிதா என்று பலர் ஐயுற்றனர். பறவைகள் எந்நிறப் பூச்சியை மிகுதியாக உண்கின்றன என்பதைக் கெட்டில்வெல் 1950-களில் காட்டிலேயே சோதித்துக் காட்டிய பின்னரே அக்கணக்கின் வலிமை விளங்கியது. பிஷர், ரைட், ஹால்டேன் மூவரும் இட்ட அடித்தளத்தின்மீதே இன்று நாங்கள் படிக்கும் பாடம் நிற்கிறது.

குறையற்றவர் என்று சொல்ல மாட்டேன். ருஷியாவில் லைசென்கோ மரபியலை ஒடுக்கினார். மரபியல் அறிஞர் வவிலோவ் 1943-இல் சிறையில் மாண்டார். பொதுவுடைமைக் கட்சியிலிருந்த ஹால்டேன் அதனை வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். எண்களிடம் காட்டிய நேர்மையை அவர் கட்சியிடம் காட்டவில்லை என்பதே என் கருத்து. பிற்காலத்தில் கட்சியை விட்டு விலகினார்.

1957-இல் இலண்டன் பேராசிரியர் பதவியைத் துறந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தார். இந்தியக் குடிமகனும் ஆனார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று அவர் வருந்தவில்லை. அவரிடம் பயின்றவருள் ஒருவர், தென்னையின் ஓலைகள் இடஞ்சுழியாக அமைகின்றனவா வலஞ்சுழியாக அமைகின்றனவா என்று எண்ணினார். மற்றொருவர் பவழமல்லிப் பூவின் இதழ்களை எண்ணினார். கண்ணும் பொறுமையும் கணக்குமே கருவிகள். அம்முடிவுகள் ஆய்விதழ்களிலும் வெளிவந்தன.

1962-இல் புவனேசுவரம் சென்ற அவர், 1964 டிசம்பர் 1-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. இறந்த பின்னும் மாணவர்க்குப் பாடமானார்!

வெளிநாட்டு ஆய்வுக்கூடம் கிட்டினால்தான் அறிவியல் என்று ஏங்கும் நண்பர்களே, நம் வளாகத்திலும் மரங்கள் உண்டு; பூக்கள் உண்டு. எண்ணத் தொடங்குவோம்.