மக்காச்சோளத்தை ரசாயனமாக்கியவர்

மக்காச்சோளம் என்றால் உங்களுக்குக் கோழித்தீவனம்தான் முதலில் நினைவுக்கு வரும். முதல் உலகப் போரில் அதே சோளம் பீரங்கி வெடிமருந்துக்குத் தேவையான ரசாயனமாக மாறியது. மாற்றிக் காட்டியவர் சைம் வெய்ஸ்மன். இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் என்று இவர் பெயரைப் படித்திருப்பீர்கள். அந்த அரசியலை விட்டுவிட்டு, அவருடைய நொதித்தல் தொட்டியை மட்டும் பார்ப்போம்.

1874-ல் ரஷ்யப் பேரரசின் மோட்டல் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா மர வியாபாரி. வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுத் துறைமுகத்துக்கு அனுப்புவார். மகன் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வேதியியல் படித்து, 1904-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் தேடியது வெடிமருந்தை அல்ல, செயற்கை ரப்பரை. அதற்குப் பியூட்டனால் என்ற சாராய வகை வேண்டியிருந்தது. மாவுச்சத்தைத் தின்று பியூட்டனால் தரும் பாக்டீரியாவைத் தேடினார். உறைமோருக்கு நல்ல மோரைத் தேர்ந்தெடுப்பது போல இவருக்கும் ஒரு வழி இருந்தது. கிருமி வளர்ந்த கஞ்சியைச் சிறிது நேரம் கொதிநிலைக்குச் சூடாக்குவார். நோஞ்சான்கள் செத்துவிடும், தடித்த ஓடுள்ள வித்துகள் மட்டும் பிழைக்கும். அவற்றை மறுபடி வளர்ப்பார். இப்படித் தேறியதுதான் கிளாஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம். காற்றுப் புகாத தொட்டியில், சுமார் 37 டிகிரி வெப்பத்தில், வேகவைத்த சோளக் கஞ்சியை இது இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். கிடைப்பது ஏறக்குறைய 6 பங்கு பியூட்டனால், 3 பங்கு அசிட்டோன், 1 பங்கு எத்தனால்.

1914-ல் போர் வந்தது. கார்டைட் என்ற வெடிமருந்தைப் பிசைய அசிட்டோன் தேவை. அதுவரை மரத்தை மூடிய கலனில் கரியாக்கி, வரும் புகையைக் குளிர்வித்துத்தான் அசிட்டோன் எடுத்தார்கள். ஒரு டன்னுக்குப் பல பத்து டன் மரம் போகும். மரம் இல்லாமல் அசிட்டோன் எடுக்கும் வழி மர வியாபாரியின் மகனிடம் இருந்தது! லண்டனில் ஒரு ஜின் சாராய ஆலையில் சோதித்துப் பார்த்துவிட்டு, பெரிய ஆலைகளில் தொடங்கினார்கள்.

1917-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சோளக் கப்பல்களை மூழ்கடித்தன. உடனே பிரிட்டிஷ் அரசு பள்ளிப் பிள்ளைகளைவிட்டு ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தடிகளில் உதிர்ந்து கிடந்த கொட்டைகளைப் பொறுக்கச் சொன்னது. மனிதர் தின்ன முடியாத கொட்டை. ஆனால் மாவுச்சத்து உண்டு. ஏன் பொறுக்குகிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பல மூட்டைகள் ரயில் நிலையங்களிலேயே கிடந்து மக்கின. கிங்ஸ் லின் ஆலைக்குப் போனதும் சரியாக நொதிக்கவில்லை. 1918-ல் சில மாதங்களிலேயே கைவிட்டார்கள். கழிவுப்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும், சேகரிப்பதும் கெடாமல் கொண்டு சேர்ப்பதும் எவ்வளவு பெரிய வேலை என்பது களத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல.

போர்க்காலத்தில் பியூட்டனாலை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை; தேங்கிக் கிடந்தது. போருக்குப் பின் அமெரிக்காவில் கார்கள் பெருகின. சீக்கிரம் உலரும் கார் வண்ணப்பூச்சுக்குப் பியூட்டனாலிலிருந்து எடுக்கும் கரைப்பான் தேவைப்பட்டது. வேண்டாத சரக்கே முதல் சரக்காகி, அசிட்டோன் உபரியானது. 1930-களில் சோளத்தின் இடத்தை சர்க்கரை ஆலையின் மொலாசஸ் பிடித்தது.

இதில் ஒரு முடிச்சு உண்டு. தொட்டியில் கரைப்பான் சுமார் 2 சதவீதத்தைத் தொட்டாலே, தான் சுரந்த பியூட்டனாலே கிருமிக்கு விஷமாகிவிடும். ஈஸ்ட் தரும் எத்தனால் இதைப்போல் நாலைந்து மடங்கு செறிவு வரை போகும். உங்கள் பகுதி ஆலை மொலாசஸை எரிசாராயமாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 2 சதவீதச் சரக்கைக் காய்ச்சிப் பிரிக்க எரிபொருள் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெய்ஸ்மன் 1952-ல் காலமானார். பெட்ரோலியத்திலிருந்து மலிவாகப் பியூட்டனால் வரத் தொடங்கியிருந்த காலம் அது. 1960-களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நொதித்தல் ஆலைகள் மூடப்பட்டன. கரும்பு மொலாசஸ் மலிவாகக் கிடைத்த தென்னாப்பிரிக்காவில், ஜெர்மிஸ்டன் ஆலை 1980-களின் தொடக்கம் வரை ஓடியது.