பாபு ஜெகஜீவன்ராமும் சசாராம் தொகுதியும்

பாபு ஜெகஜீவன்ராம் அவர்களின் பெயரை நம் சமுதாய இளைஞர்கள் அறிவர். அவர் இரயில்வே அமைச்சராக இருந்ததும், 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்ததும் பலருக்குத் தெரியும். ஆயினும் 1952 முதல் 1984 வரை நடைபெற்ற எட்டு மக்களவைப் பொதுத் தேர்தல்களிலும் ஒருமுறையேனும் தோல்வி காணாமல், தாம் பிறந்த வட்டாரத்து மக்களின் வாக்கினாலேயே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதன் பொருளை ஆராய்ந்தோர் சிலரே. அதனை ஒப்பற்ற சாதனை என்று மேடையில் புகழ்வோர் உண்டு. நாற்காலியை விடாமல் பற்றிக்கொண்டிருந்தவர் என்று இகழ்வோரும் நம்மிடையே உண்டு. இரண்டுமே முழு உண்மை அல்ல என்பது நம் கருத்து.

அன்னார் 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், பீகார் மாநிலத்து ஆரா நகருக்கு அருகிலுள்ள சந்த்வா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சோபிராம் படையில் பணிபுரிந்து பின் விலகியவர். சிவநாராயணி என்னும் பக்தி நெறியைச் சார்ந்தவர். மகன் சிறு வயதினனாக இருக்கும்போதே அவர் மறைந்தார். தாயார் வசந்திதேவிதான் படிக்க வைத்தார். ஆரா நகரப் பள்ளியில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானையும் முஸ்லிம்களுக்கு ஒரு பானையும் இருந்தன. சிறுவர் ஜெகஜீவன் இந்துப் பானையில் நீர் அருந்தவே, தீண்டத்தகாதார்க்கென மூன்றாவது பானை ஒன்று வைக்கப்பட்டது. அவர் அதனை உடைத்தார். மீண்டும் வைத்தார்கள், மீண்டும் உடைத்தார். இறுதியில் அப்பானை வைப்பதே கைவிடப்பட்டது. பள்ளியொன்றின் பொறுப்பில் இருக்கும் நமக்கு, அந்த மூன்றாம் பானையை வைத்தவரும் ஒரு தலைமையாசிரியரே என்று எண்ணும்போது நாணம் உண்டாகிறது. அதனை எடுத்துவிட்டவரும் அவரே என்பது ஓரளவு ஆறுதல்.

பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கும் விடுதிப் பணியாளர்கள் அவருக்கு உணவு பரிமாற மறுத்தனர். நாவிதர் முடி வெட்ட மறுத்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1931ஆம் ஆண்டு அறிவியல் பட்டம் பெற்றார்.

அவர் பொதுவாழ்வில் நுழைந்த காலம் குறிப்பிடத்தக்கது. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தின்படி, தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித் தொகுதி அளிப்பது கைவிடப்பட்டு, பொது வாக்காளர் பட்டியலிலேயே இட ஒதுக்கீடு ஏற்பட்டது. அதாவது, நிற்பவர் நம்மவர். வாக்களிப்போர் எல்லாச் சாதியினரும். இந்த ஏற்பாட்டின் நன்மையும் தீமையும் ஜெகஜீவன்ராமின் வாழ்க்கை முழுவதும் நிழல்போல் தொடர்ந்து வந்தன. 1936இல் பீகார் மேலவைக்கு நியமிக்கப்பட்ட அவர், 1937இல் ஷாகாபாத் மாவட்டத்துத் தொகுதி ஒன்றிலிருந்து சட்டமன்றத்திற்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலைப் போராட்டத்தில் 1940இலும் 1942இலும் சிறை சென்றார். 1946இல் அமைந்த இடைக்கால அரசில் தொழிலாளர் துறை அமைச்சரானார். அப்போது அவருக்கு வயது 38. அவ்வமைச்சரவையில் அவரே இளையவர். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமும், 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டமும் அவர் பொறுப்பிலிருந்த காலத்தில் நிறைவேறியவை.

இங்கே சற்று நின்று, 1952ஆம் ஆண்டு முதற் பொதுத் தேர்தலை நோக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1951இல் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டது முதலிய காரணங்களால் அமைச்சர் பதவியைத் துறந்தார். சில மாதங்களில் வந்த தேர்தலில் பம்பாய் வடக்குத் தொகுதியில் நின்று, காங்கிரஸ் வேட்பாளர் நாராயண் கஜ்ரோல்கரிடம் சுமார் 14,000 வாக்குகள் வேறுபாட்டில் தோற்றார். 1954இல் பண்டாராவில் நடந்த இடைத்தேர்தலிலும் தோல்வியே. அரசியலமைப்பை வரைந்த அறிஞர் மக்களவைக்குள் நுழைய இயலவில்லை. அதே 1952இல் ஜெகஜீவன்ராம் அமைச்சராகவே தேர்தலைச் சந்தித்து வென்றார். அறிவிலும் தியாகத்திலும் அண்ணலுக்கு நிகர் யாருமில்லை. எனினும் ஒருவர் பின்னே ஆளுங்கட்சி நின்றது, மற்றவர் பின்னே அது நிற்கவில்லை, அவருக்கெதிரே நின்றது. ஒதுக்கப்பட்ட தொகுதியிலும் நம் வாக்கு மட்டும் வெற்றியைத் தருவதில்லை என்பதை இவ்விரு முடிவுகளும் காட்டின.

அன்று ஒதுக்கீட்டுத் தொகுதிகள் பல இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்தன. ஒரே நிலப்பரப்பிலிருந்து பொது உறுப்பினர் ஒருவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர் ஒருவரும் தேர்வாயினர். வாக்காளர்க்கு இரண்டு வாக்கு. 1961ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது. அதன்பின் சசாராம் தனித் தொகுதியாயிற்று; ஜெகஜீவன்ராம் அதன் ஒரே உறுப்பினரானார்.

சசாராம் என்பது பேரரசர் ஷேர்ஷா துயிலும் ஊர். ஒருபுறம் சோன் ஆற்றுக் கால்வாய் பாயும் நெல்வயல்கள், மறுபுறம் கைமூர் மலைகள். அங்கே நம் மக்கள் சிறுபான்மையினரே. நிலமும் செல்வாக்கும் மேற்சாதியாரிடம். அப்படியிருந்தும் தேர்தல்தோறும் அவர் வென்றதெப்படி? பதவியிலிருக்கும் உறுப்பினருக்கு இயல்பாகவே வாய்க்கும் நலன்கள் சில உண்டு. எழுத்தறியாத வாக்காளரும் அவர் பெயரை அறிவார். ஐந்தாண்டுக் காலமும் மனுக்கள் அவரிடமே வருகின்றன. ஒரு சிற்றூருக்கு அஞ்சலகம் கிடைத்தாலும், ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்தாலும் நன்றி அவரையே சாரும். போட்டியாளரோ வாக்குறுதியன்றி வேறு எதனையும் தர இயலாதவர். கட்சிச் சீட்டுக்கு அவர் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. ஊர்தோறும் ஆள் தேட வேண்டியதுமில்லை. சென்ற தேர்தலில் உழைத்தவரே இத்தேர்தலிலும் உழைப்பர். அதே கட்சியில் வளரக்கூடிய மற்றொருவர், இவர் இருக்கும்வரை இடமில்லை என்று வேறு பக்கம் போய்விடுவார்.

ஜெகஜீவன்ராம் வெறும் உறுப்பினர் அல்லர். தகவல் தொடர்பு, இரயில்வே, உணவு, பாதுகாப்பு என்று பெருந்துறைகளை ஆண்டவர். மொத்தத்தில் சுமார் முப்பதாண்டுகள் மத்திய அமைச்சராக இருந்தார். தம் தொகுதி உறுப்பினர் தில்லியில் அமைச்சர் என்பது நிலக்கிழாருக்கும் பயனுடையதே. வீட்டுத் திண்ணையில் அவரை அமர வைக்கத் தயங்கியவனும் வாக்குச் சாவடியில் தயங்கவில்லை. இதனை உயர்வு என்பதா, கணக்கு என்பதா? இரண்டும் கலந்தது என்றே நாம் கூறுவோம்.

நீண்ட நாள் பதவி குறைகளுக்கும் திரையிடும். பத்தாண்டுகளாக அவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்பது 1969ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டபோது, அது மறதி என்று கொள்ளப்பட்டு, அவர் அமைச்சராகவே நீடித்தார். நம்மவர் என்பதற்காக இதனை மறைத்தல் முறையன்று. 1963இல் காமராசர் திட்டத்தின்கீழ் பதவி விலகியோருள் அவரும் ஒருவர். 1966இல் மீண்டும் அமைச்சரானார். 1975இல் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தை மக்களவையில் கொண்டு வந்தவரும் அவரே. அவ்விருபத்தொரு மாதங்களில் பெரும்பகுதி அவர் மௌனமாக இருந்தார். அம்மௌனத்தையும் பதவியின் விலையில் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆனால் 1977 பிப்ரவரி 2ஆம் நாள் அவர் காங்கிரசை விட்டு வெளியேறி, ஜனநாயகக் காங்கிரஸ் என்னும் கட்சியைத் தொடங்கினார். நாடே திடுக்கிட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் பீகாரின் 54 தொகுதிகளில் ஒன்றிலேனும் காங்கிரஸ் வெல்லவில்லை. பல்லாண்டு பதவியிலிருந்தோரெல்லாம் அப்பதவியின் காரணமாகவே வீழ்ந்தனர். ஜெகஜீவன்ராமோ சசாராமில் பெருவெற்றி பெற்றார். காற்றின் திசையறிந்து பாய் விரித்தார் என்பார் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அறுபத்தெட்டு வயதில், நாற்பதாண்டு இருந்த வீட்டை விட்டு வெளியேறத் துணிவும் வேண்டும்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நெஞ்சு கனக்காமல் எழுத இயலாது. 1978 சனவரியில், பாதுகாப்பு அமைச்சராக இருந்த அவர் காசியில் சம்பூர்ணானந்தர் சிலையைத் திறந்து வைத்தார். அவர் சென்றபின் சிலர் அச்சிலையைக் கங்கை நீரால் கழுவித் தூய்மை செய்தனர். மூன்றாம் பானையை உடைத்து அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. 1979இல் அவர் துணைப் பிரதமரானார். அவ்வாண்டு மொரார்ஜி தேசாய், சரண்சிங் ஆகியோர் அரசுகள் அடுத்தடுத்து வீழ்ந்தபோது, ஆட்சியமைக்க அவரை அழைக்காமலே குடியரசுத் தலைவர் மக்களவையைக் கலைத்தார். 1980 சனவரித் தேர்தலில் ஜனதா கட்சி அவரையே பிரதமர் வேட்பாளராக முன்னிறுத்தியது. நாடெங்கும் 31 இடங்களே கிடைத்தன. அவற்றுள் சசாராம் ஒன்று.

1984 திசம்பர்த் தேர்தல்தான் உண்மையான சோதனை. அப்போது அவரிடம் அமைச்சர் பதவி இல்லை, பெருங்கட்சி இல்லை, தம் பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய சிறு காங்கிரஸ் ஒன்றே இருந்தது. இந்திரா காந்தி அம்மையாரின் படுகொலைக்குப்பின் எழுந்த அனுதாப அலை நாடெங்கும் வீசியது. காங்கிரஸ் 400 இடங்களுக்கு மேல் வென்றது. சசாராமில் மட்டும் அந்த எழுபத்தாறு வயது முதியவர் ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் கரையேறினார். அவர் கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது அவ்வோரிடமே. அமைச்சரை எதிர்பார்த்து வாக்களித்தோர் விலகியபின் எஞ்சியோர் யார் என்பதற்கு அவ்வாயிரத்துச் சொச்சமே விடை என்று நாம் கருதுகிறோம். ஐம்பதாண்டுத் தொடர்பு முற்றிலும் கணக்காக மட்டும் இருந்திருக்குமானால், அவ்வாண்டில் அவர் தோற்றிருப்பார்.

1986 சூலை 6ஆம் நாள், சசாராம் உறுப்பினராகவே அவர் காலமானார். 1989 பொதுத் தேர்தலில் அவர் மகளார் மீராகுமார் அங்கே போட்டியிட்டுத் தோற்றார், 1991இலும் தோற்றார். 2004ஆம் ஆண்டில்தான் அத்தொகுதி அவருக்குக் கிட்டியது. 2009இல் மீண்டும் வென்று, மக்களவையின் முதற் பெண் சபாநாயகரானார். 2014 தேர்தலில் சசாராம் மறுபடியும் அக்குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று.