ஆலிசு அம்மையார்

இங்கிலாந்து நாட்டில் 1870-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆலிசு அம்மையார். சமயத்தொண்டில் நாட்டம் மிக்க அவர், 1898-இல் ஜான் ஆரிசு என்பவரை மணந்தார். மணம் முடிந்த சின்னாட்களிலேயே இருவரும் ஆப்பிரிக்காவிலுள்ள காங்கோ நாட்டிற்குக் கப்பலேறினர்.

அக்காலத்தில் காங்கோ, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனி உடைமையாக இருந்தது. அடிமை வாணிகத்தை ஒழிப்பதே தம் நோக்கம் எனக் கூறி, அவர் 1885-இல் வல்லரசுகளின் இசைவைப் பெற்றிருந்தார். செய்ததோ வேறு. மிதிவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் காற்றடைத்த சக்கரங்கள் வந்தமையால் உலகில் இரப்பரின் தேவை பெருகிற்று. காங்கோக் காடுகளில் இரப்பர்க் கொடிகள் மிகுதி. ஊர்தோறும் இத்துணை இரப்பர் கொணர்தல் வேண்டும் என வரையறுத்தனர். குறைந்தால் கசையடி, பெண்டிரைப் பிணையாகச் சிறைவைத்தல், கொலை. சுட்ட குண்டு வீண்போகவில்லை என்பதற்குச் சான்றாக, இறந்தவரின் கையை வெட்டிக் கொணரும் கொடிய வழக்கமும் படைவீரரிடையே இருந்தது. சந்தையில் விற்கப்படாவிடினும், அம்மக்கள் அடிமைகள் அல்லர் என எவர் கூறுவர்?

1904-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், அம்மையார் பணியாற்றிய பாரிங்கா என்னும் ஊருக்கு இன்சாலா என்பவர் வந்தார். அவர் கையில் இலையால் பொதிந்த சிறு பொதி ஒன்று இருந்தது. இரப்பர்க் குழுமத்தின் காவலர் அவருடைய மனைவியையும் மகளையும் கொன்றிருந்தனர். பொதியில் இருந்தவை, ஐந்து வயது நிரம்பிய அம்மகளின் ஒரு கையும் ஒரு பாதமுமே. அம்மையார் உள்ளம் நடுங்கினாலும் கடமையை மறந்தாரில்லை. தாழ்வாரத்தின் விளிம்பில் அத்தந்தையை அமர்த்தி, அவற்றை எதிரே வைத்து நிழற்படம் எடுத்தார். இன்சாலா கதறவில்லை, மகளின் எச்சங்களை நோக்கியவாறு அசைவற்று அமர்ந்திருக்கிறார். அவ்வமைதியே காண்பவர் நெஞ்சைப் பிளக்கின்றது.

எழுத்தில் வந்த குற்றச்சாட்டுகளையெல்லாம் மன்னர் தரப்பினர் பொய்யென மறுத்துவந்தனர். படத்தை மறுப்பது எளிதாக இல்லை. தாயகம் திரும்பிய அம்மையாரும் கணவரும், காங்கோச் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில், அப்படங்களை விளக்கொளியால் திரையில் பெரிதாக்கிக் காட்டி, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினர். மார்க் துவெயின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1905-இல் மன்னரை எள்ளி எழுதிய நூலில், கையூட்டுக்கு மயங்காத சான்று நிழற்படக் கருவி ஒன்றே என அம்மன்னரே புலம்புவதாகப் புனைந்தார்.

1908-இல் லியோபோல்டு காங்கோவைப் பெல்ஜிய அரசிடம் ஒப்படைத்தார்; அதற்கும் பெருந்தொகை பெற்றுக்கொண்டார் என்பது கருதத்தக்கது. கட்டாய வேலை அத்துடன் அற்றுப்போகவில்லை. அம்மையாரும் கணவரும் அடிமை ஒழிப்புச் சங்கத்தில் சேர்ந்து தம் பணியைத் தொடர்ந்தனர். 1933-இல் கணவர் அரசரிடம் பட்டம் பெற்றார். அதனால் தமக்குரித்தாகிய சீமாட்டி என்னும் பெயரால் தம்மை அழைப்பதை அம்மையார் விரும்பவில்லை. நூறாண்டு வாழ்ந்து, 1970-இல் அவர் மறைந்தார்.