நாணலின் கணக்கைப் பார்த்த ஜானகி அம்மாள்

பூதலூர் பக்கம் ஆற்றங்கரையில் வெள்ளைக் கதிர் ஆட நிற்கும் நாணல், உங்கள் கரும்புக்கு நெருங்கிய சொந்தம். கொறுக்கை வேறு இனம்.

நாணலுக்குள்ளேயே இடத்துக்கு இடம் உயரமும் இலை அகலமும் மாறும். கண்ணால் மட்டும் பிரித்தால் ஏமாந்துபோவோம். அதன் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் இ.கே. ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்து, 1931-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1934 முதல் 1939 வரை கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணி.

தடித்த கரும்பில் குரோமோசோம் 80. கோவை நாணலில் 64. மற்ற ஊர் நாணல்களில் 40 முதல் 128 வரை உண்டு என்பது இன்று தெரிந்த கணக்கு. எதை எதோடு இணைப்பது என்று முடிவு செய்ய இந்த எண்ணிக்கை வேண்டும். 1918-ல் வந்த கோ 205 ரகமே கரும்பும் நாணலும் கலந்து பிறந்ததுதான். வறட்சி தாங்குவதும் கட்டைக்கரும்பு நன்றாகத் தழைப்பதும் நாணல் வழி வந்த குணங்கள். அம்மாளோ கரும்பை மக்காச்சோளத்தோடும் சேர்த்துப் பார்த்தார். துணிச்சல்தான்!

பிறகு இங்கிலாந்து சென்றார். பயிர்களின் குரோமோசோம் கணக்கை டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் நூலாக்கினார். 1977-ல் பத்மஸ்ரீ. 1984-ல் மதுரவாயலில் மறையும்வரை ஆராய்ச்சியை விடவில்லை.