கரும்புத் தோட்ட வாய்க்காலில் பிறந்த ஒலிம்பிக் கனவு: யார் இந்த சோய்ச்சி சகாமோட்டோ?

நீச்சல் பயிற்றுவிப்பாளர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், எதிரே 50 மீட்டர் குளம். சோய்ச்சி சகாமோட்டோ ஆரம்பித்தபோது அவரிடம் குளம் இல்லை. போட்டி நீச்சலில் அனுபவமும் இல்லை. உண்மையைச் சொன்னால், அவரே தண்ணீரில் ஏதோ சமாளிப்பார், அவ்வளவுதான்.

பின்னாளில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் நீச்சல் கோச்சாக ஏறக்குறைய 20 ஆண்டு இருந்தவர் இவர். அவர் வளர்த்தவர்கள் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். ஆனால் அவர் முதன்முதலில் குறிவைத்த ஒலிம்பிக் மட்டும் நடக்கவே இல்லை.

அது என்ன கதை?

சகாமோட்டோ 1906-இல் ஹவாயின் மவுயி தீவில் பிறந்தார். ஜப்பானியக் குடும்பம். வளர்ந்து, புனேனே என்ற ஊரில் பள்ளி ஆசிரியரானார். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கரும்பு. அங்கே படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள்.

உங்கள் தாத்தா பாட்டி எஸ்டேட்டில் இருந்தவர்கள் என்றால் இது உங்களுக்குப் புதுசா இருக்காது. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, கரும்புக்குப் பாயும் தண்ணீரும் கம்பெனியுடையது. அந்தத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில்தான் பிள்ளைகள் வெயிலுக்குக் குதிப்பார்கள். காவலர்கள் வந்து விரட்டுவார்கள்.

சகாமோட்டோ என்ன செய்தார் தெரியுமா? நிர்வாகத்திடம் போய், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், குளிக்க விடுங்கள் என்று கேட்டார். அனுமதி கிடைத்தது. முதலில் வெறும் மேற்பார்வைதான். சும்மா கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு யோசனை வந்தது.

வாய்க்கால் குறுகலானது, ஆழமும் குறைவு. ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்தினால்? கையும் காலும் ஒரு நொடி தளர்ந்தாலும் தண்ணீர் உங்களைப் பின்னால் தள்ளிவிடும். தப்பான அசைவு உடனே தெரிந்துவிடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே வரை முழு வேகத்தில் போவது, ஓட்டத்தோடு மிதந்து இறங்கும்போது மூச்சு வாங்கிக்கொள்வது, மறுபடி மேலே. இன்று உங்கள் ஜிம்மில் இன்டர்வல் டிரெய்னிங் என்று சொல்கிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். எதிர்நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார் வைத்த குளங்களை இப்போது காசு கொடுத்து வாங்குகிறார்கள். இவருக்கு அது இலவசமாகக் கிடைத்தது. புத்தகம் தேடிப் படித்து, ஒவ்வொரு பிள்ளையின் உடலசைவையும் கவனித்து, மீதியை அவரே கற்றுக்கொண்டார். பிறகு புனேனேயில் ஒரு குளமும் பயிற்சிக்குக் கிடைத்தது.

1937-இல் ஒரு சங்கம் தொடங்கினார். பெயர், 'மூன்றாண்டு நீச்சல் சங்கம்'. ஏன் மூன்றாண்டு? 1940 ஒலிம்பிக் தோக்கியோவில் நடப்பதாக இருந்தது. அதற்கு இன்னும் மூன்று வருஷம்தான். தோட்டத்துப் பிள்ளைகளை அமெரிக்க அணியில் சேர்த்து அங்கே கொண்டுபோவதுதான் இலக்கு.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் ஜப்பானியர்களுக்குப் பிறந்த அமெரிக்கர்கள். பெற்றோர் விட்டு வந்த நாட்டில், அமெரிக்கச் சீருடை போட்டு நீந்தியிருப்பார்கள். அந்தக் காலத்தில் ஹவாய் ஒரு மாநிலம்கூட கிடையாது. இவர்களை முழு அமெரிக்கர்களாக ஏற்காதவர்கள் ஏராளம்.

இலக்கு வெறும் பேச்சாக இருக்கவில்லை. 1938-இல் 'ஹாலோ' என்று அழைக்கப்பட்ட தகாஷி ஹிரோசே அமெரிக்க அணியோடு ஜெர்மனி சென்று, 4x100 மீட்டர் தொடர் நீச்சலில் உலகச் சாதனை படைத்த நால்வரில் ஒருவரானார். கியோ நகாமா, ஃபுஜிக்கோ கட்சுதானி என்று தேசிய வெற்றியாளர்கள் வரிசையாக வந்தார்கள். 1939, 1940, 1941 மூன்று ஆண்டும் அமெரிக்க தேசிய ஆண்கள் குழுப் பட்டம் மவுயிக்குத்தான்.

ஆனால் ஒலிம்பிக்? சீனாவுடன் போரில் இருந்த ஜப்பான், 1938-இல் போட்டியை நடத்த முடியாது என்று கைவிட்டது. ஹெல்சிங்கிக்கு மாற்றினார்கள். ஐரோப்பாவிலும் போர் வந்தது, 1940 ஒலிம்பிக் ரத்து. 1944-உம் ரத்து. ஒரு நீச்சல் வீரரின் நல்ல வயது எத்தனை வருஷம் இருக்கும், யோசித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், பதக்கக் கணக்கைவிட இந்த இடம்தான் மனதை அழுத்துகிறது.

1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்குதல். அமெரிக்காவின் மேற்குக் கரைப் பகுதியில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஹவாயில் அப்படி மொத்தமாக அடைக்கவில்லை, ஆனால் சந்தேகப் பார்வை இருந்தது. ஹிரோசே, ஜப்பானிய அமெரிக்கர்களைக் கொண்ட 442-ஆவது படைப்பிரிவில் சேர்ந்து ஐரோப்பாவில் போரிட்டார். நகாமாவும் ஹிரோசேயும் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக நீந்தினார்கள். ஒலிம்பிக் வாய்ப்பு மட்டும் இருவருக்குமே வரவில்லை.

வாய்ப்பு ஒருவருக்குக் கிடைத்தது. பில் ஸ்மித், ஹொனலுலுவில் பிறந்தவர், சின்ன வயதில் டைஃபாய்டு வந்து உடல் தேற நீச்சலுக்கு வந்தவர். சகாமோட்டோவிடம் பயிற்சி பெறவே மவுயிக்குப் போனார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் எதேச்சை பாணியில் தங்கம், 4x200 மீட்டர் தொடர் நீச்சலில் இன்னொரு தங்கம். சங்கம் தொடங்கி அப்போது 11 வருஷம் ஆகியிருந்தது.

போருக்குப் பிறகு சகாமோட்டோ ஹொனலுலுவுக்கு மாறி, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். அங்கேயும் கல்லூரி மாணவர்களோடு நிற்கவில்லை, ஹவாய் நீச்சல் கிளப்பின் இளையர்களையும் பழக்கினார். தெல்மா கலாமா 1948-இல் தொடர் நீச்சல் தங்கம், பில் வூல்சி 1952 ஹெல்சிங்கியில் தொடர் நீச்சல் தங்கம், எவலின் கவமோட்டோ அதே ஹெல்சிங்கியில் இரண்டு வெண்கலம். 1966-இல் அனைத்துலக நீச்சல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது.

நகாமா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1961-இல், 41 வயதில், மொலோக்காய் தீவிலிருந்து ஓவாஹு தீவு வரை கடலில் நீந்திக் கடந்தார். சுமார் 15 மணி நேரம். அதற்கு முன் அப்படிக் கடந்தவர் என்று பதிவானவர் யாருமில்லை.

சகாமோட்டோ 1997-இல் காலமானார். புனேனே சர்க்கரை ஆலை, ஹவாயின் கடைசி ஆலை, 2016 டிசம்பரில் மூடப்பட்டது. மவுயியின் வைலுக்கு நகரில் பொது நீச்சல் குளம் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இப்போது அங்கேதான் நீந்துகிறார்கள்.