விண்ணொளிகளை ஆராய்ந்த ஹைனெக்

வைகைக் கரை உழவர், விடியலில் கீழ்வானில் ஒளிரும் வெள்ளிக்கோளை விடிவெள்ளி என்று அறிந்து ஏர் பூட்டுவர். அதே கோளைப் பறக்கும் விந்தைப் பொருளென மருண்டு அமெரிக்க விமானப்படையிடம் முறையிட்டோர் பலர். அம்முறையீடுகளை ஆராய்ந்தவர் வானியலறிஞர் ஜோசப் ஆலன் ஹைனெக்.

1910ஆம் ஆண்டு மே முதல் நாள் சிகாகோவில் பிறந்த அவர், ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1948இல் விமானப்படையின் ஆலோசகரானார். பறக்கும் தட்டுகளில் அவருக்குத் தொடக்கத்தில் சிறிதும் நம்பிக்கையில்லை. விண்மீன், எரிகல், பலூன் எனப் பலவற்றுக்கு விளக்கம் கண்டார். இடையே, ஸ்புட்னிக் பறந்த காலத்தில், செயற்கைக்கோள்களைப் படமெடுக்கும் நிலையங்களைப் பன்னிரண்டு இடங்களில் நிறுவும் பணியிலும் ஈடுபட்டார். அவற்றுள் ஒன்று நம் நாட்டின் நைனிதாலில் அமைந்தது.

1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்துச் சதுப்பு நிலத்தருகே விந்தை ஒளிகளைக் கண்டதாகக் காவலரும் கல்லூரி மாணவியரும் தெரிவித்தனர். சில நாள் விசாரித்த ஹைனெக், அது சதுப்புநில வாயு எரிந்த ஒளியாகலாம் என்றார். நம் ஊர்களில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சப்பட்டதும் அத்தகைய ஒளியே. விளக்கம் பொருந்தக்கூடியதுதான், ஆயினும் கண்டவர்கள் தாங்கள் இழிவுபடுத்தப்பட்டதாகக் கொதித்தனர். நாளேடுகள் அவரை எள்ளி நகையாடின. பின்னர், விமானப்படையின் ஆய்வுமுறையையே அவர் வெளிப்படையாகக் குறைகூறத் தொடங்கினார்.

1969இல் அவ்வாய்வு நிறுத்தப்பட்டது. பதிவான 12,618 நிகழ்வுகளுள் 701 விளங்காமலே எஞ்சின. அவை வேற்றுலக ஊர்திகள் என்பதற்குச் சான்றில்லை. அதனால் ஆராயாது விடுவதும் முறையன்று என்பது ஹைனெக்கின் நிலை. 1973இல் அரசைச் சாராத ஆய்வு மையம் ஒன்றைத் தாமே தொடங்கினார்.

அவர் பிறந்தபோது வானில் இருந்த ஹாலி வால்விண்மீன் மீண்டும் வந்த 1986ஆம் ஆண்டில், ஏப்ரல் 27ஆம் நாள் காலமானார்.