எழுத்து தந்த துறவி

அரசன் இருந்தான். படை இருந்தது. கோவில் இருந்தது. ஆனால் எழுத்து இல்லை!

1,600 ஆண்டுகளுக்கு முன்பு ஆர்மீனியா நாட்டின் நிலை இதுதான்.

மக்கள் வீட்டில் பேசியது ஆர்மீனிய மொழி. மாதா கோவிலில் வேதம் வாசித்ததோ கிரேக்கத்திலும் சிரியாக் மொழியிலும்! குரு வாசிப்பார். மக்கள் கைகட்டிக் கேட்பார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் புரியாது.

போதாக்குறைக்கு, 387-ம் ஆண்டு வாக்கில் ரோமாபுரியும் பாரசீகமும் அந்த நாட்டை இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டன. நாடு துண்டாகிவிட்டது. பேச்சுக்கு எழுத்தும் இல்லை. இனம் என்ன ஆகும்?

இந்த நேரத்தில் வந்தவர்தான் மெஸ்ரோப் மாஷ்டாட்ஸ்.

உத்தியோகத்தை உதறினார்

அவர் 362-ம் ஆண்டு வாக்கில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். கிரேக்கம் படித்தார். அரண்மனையில் எழுத்தர் வேலை கிடைத்தது. போர்ப் பயிற்சியும் பெற்றார். நல்ல சம்பாத்தியம், நல்ல மதிப்பு. எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துறவி ஆனார்.

ஊர் ஊராகப் போய்ப் போதனை செய்தார். அப்போதுதான் குறை தெரிந்தது. மக்களுக்கு அவர்கள் மொழியில் கொடுக்க ஒரு புத்தகம் கூட இல்லை!

தலைமைக் குரு சகாக்கிடம் சொன்னார். அரசர் விராம்ஷபுவும் துணை நின்றார்.

தானியேல் என்ற சிரிய மத குருவிடம் ஆர்மீனிய மொழிக்கான எழுத்துகள் இருப்பதாகச் செய்தி வந்தது. அரசர் ஆள் அனுப்பி வாங்கினார். இரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. வாயில் வரும் ஒலிகள் பலவற்றுக்கு அதில் எழுத்து இல்லை. இரவல் சட்டை உடம்புக்குப் பொருந்துமா?

36 எழுத்துகள்

மாஷ்டாட்ஸ் மாணவர்களுடன் புறப்பட்டார். எடெஸ்ஸா, சமோசாட்டா என்று நகரம் நகரமாக அலைந்தார். அறிஞர்களைக் கேட்டார். 405-ம் ஆண்டு வாக்கில் 36 எழுத்துகளை உருவாக்கினார். ரோபனஸ் என்ற கிரேக்க எழுத்துக் கலைஞர் அவற்றை அழகாக வடித்துக் கொடுத்தார்.

கனவில் ஒரு கை தோன்றிக் கல்லில் எழுதிக் காட்டியதாகவும் கதை உண்டு. பட்ட அலைச்சல் அந்தக் கதையில் இல்லை!

அவர் திரும்பி வந்தபோது, அரசரே நகருக்கு வெளியே ஆற்றங்கரை வரை வந்து வரவேற்றார்.

அந்த எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. முதல் எழுத்து 'ஐப்'. அதன் மதிப்பு 1. பத்தாவது எழுத்து 10. அடுத்தது 20. இப்படியே ஏறி, 36-வது எழுத்தின் மதிப்பு 9,000!

பள்ளிகள் திறந்தார்கள். வேதத்தை மொழிபெயர்த்தார்கள்.

428-ம் ஆண்டில் ஆர்மீனிய அரச பரம்பரை முடிந்தது. எழுத்து வந்து 23 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சிம்மாசனம் போனது. புத்தகம் நின்றது!

440-ம் ஆண்டில் மாஷ்டாட்ஸ் காலமானார். ஓஷகான் என்ற ஊரில் அவர் கல்லறை இருக்கிறது. அவருடைய வரலாற்றை எழுதியவர் அவர் மாணவர் கொரியுன்.

ஆர்மீனியர்கள் வியாபாரத்துக்காகப் பல நாடுகளுக்குப் போனார்கள். எழுத்தும் கூடப் போயிற்று. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை அச்சான ஊர் எது தெரியுமா? நம் சென்னைதான்! ஆண்டு 1794. பெயர் 'அஸ்தரார்'. அதை நடத்தியவர் ஷ்மாவோனியன் என்ற ஆர்மீனிய பாதிரியார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். 1991-ல் வெளியான 'யூனிகோடு' என்ற உலகப் பட்டியலில் ஆர்மீனியத்துக்கும் இடம் கிடைத்தது. அன்று 1 என்று இருந்த பெரிய 'ஐப்'புக்கு அதில் 1329. மாஷ்டாட்ஸின் கடைசி எழுத்துக்கு 1364. நடுவில் ஓர் எழுத்து கூட இடம் மாறவில்லை! பிற்காலத்தில் சேர்ந்த இரண்டு எழுத்துகள், வரிசையின் வாலில் 1365, 1366 என்று நிற்கின்றன.